தொகுப்பி ‘வேறு’ என்று சொல்லும்போது

ஒரு நிரலில் ‘கோயம்புத்தூர்’ என்னும் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இரண்டு இடங்களில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. அச்சிட்டாலும் வேறுபாடு தெரியாது. உரக்கப் படித்தாலும் ஒலி ஒன்றே. ஆயினும் இவை இரண்டும் சமமா என்று கேட்டால், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றித்தரும் கம்பைலர், அதாவது தொகுப்பி, சில வேளைகளில் ‘இல்லை’ என்று விடையளிக்கிறது. அவ்விடை தொகுப்பியின் பிழையன்று. அந்த நிரல்மொழியின் விதிப்படி முற்றிலும் சரியானது. சரியாக இருந்துகொண்டே அது நம்மைத் தவறான இடத்திற்கு இட்டுச்செல்கிறது என்பதுதான் சிக்கல்.

சற்று நீண்ட பதிவு இது. நிரலாக்கம் பயிலாத நண்பர்களுக்காகச் சில சொற்களை முதலில் விளக்கிவிடுகிறேன். நிரலாசிரியர் மேற்கோள் குறிகளுக்கிடையே எழுத்துகளை நேராகவே எழுதிவைப்பதை ஸ்ட்ரிங் லிட்டரல் என்பர். இங்கே அதனை நேரடிச் சரம் என்கிறேன். நிரலைத் தொகுப்பி படித்து மாற்றும் வேளை தொகுப்பு நேரம். மாற்றப்பட்ட நிரல் பயனரின் கணினியில் ஓடும் வேளை இயக்க நேரம். தொகுப்பு நேரத்தில் நிரலாசிரியர் உடனிருக்கிறார். இயக்க நேரத்தில் அவர் அங்கே இல்லை. சிறிய வேறுபாடாகத் தோன்றும் இதன்மேல்தான் என் வாதம் முழுவதும் நிற்கிறது.

வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரடிச் சரங்களைத் தொகுப்பு நேரத்திலேயே ஒப்பிடும் வசதி 2011க்குப் பிறகு நிரல்மொழிகளில் நன்கு வளர்ந்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் ‘சமம்’ என்பதை எந்தப் பொருளில் ஒப்பிடுகிறோம் என்னும் வினா இன்னும் பாதியிலேயே நிற்கிறது. ஒரே எழுத்தின் இரண்டு குறியீட்டு வடிவங்களைத் தொகுப்பி ‘வேறு’ என்று தீர்ப்பளிக்கும்போது, அதனை வாய்திறந்து சொல்லும் கடமை அதற்கு உண்டு. சரத்தைத் தானாகத் திருத்தவேண்டியதில்லை, எச்சரித்தால் போதும். எச்சரிக்கத் தேவையான கருவிகள் பல தொகுப்பிகளின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

‘ஒன்று’ என்னும் சொல்லின் பொருள் பற்றி மொழியியலில் பழைய உரையாடல் ஒன்று உண்டு. சசூரின் விரிவுரைகள் அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாக வெளிவந்தன. அதில் ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு இரவு 8.25க்குப் புறப்படும் விரைவுவண்டி எடுத்துக்காட்டாக வருகிறது. நேற்றுப் புறப்பட்ட வண்டியின் இயந்திரமும் பெட்டிகளும் பணியாளர்களும் வேறு, இன்று புறப்படும் வண்டியினுடையவை வேறு. ஆயினும் ‘அதே வண்டி’ என்கிறோம். ஏனெனில் கால அட்டவணையில் அதற்குரிய இடம் மாறவில்லை. இரும்பையும் மரத்தையும் கொண்டு பார்ப்பவருக்கு அவை இரண்டு வண்டிகள், பயணிக்கு ஒன்று. இருவரும் தவறு செய்யவில்லை. எந்த மட்டத்தில் நின்று கேட்கிறோம் என்பதே விடையை முடிவு செய்கிறது. இரண்டு சரங்கள் ஒன்றா என்னும் வினாவும் இத்தகையதே. அதற்குக் குறைந்தது மூன்று மட்டங்கள் உண்டு.

முதலாவது, இடத்தின் மட்டம். சி மொழியில் இரண்டு நேரடிச் சரங்களுக்கிடையே == என்னும் குறியை இட்டால் ஒப்பிடப்படுபவை எழுத்துகள் அல்ல; அச்சரங்கள் நினைவகத்தில் தொடங்கும் முகவரிகள். ஒரே உள்ளடக்கம் கொண்ட இரு சரங்களை ஒரே இடத்தில் வைப்பதா, தனித்தனியே வைப்பதா என்பதைச் சி தரநிலை தொகுப்பியின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறது. எனவே ஒரே நிரல் ஓரிடத்தில் ‘ஆம்’ என்றும் மற்றோரிடத்தில் ‘இல்லை’ என்றும் விடையளிக்கலாம். இரண்டும் தரநிலைக்கு உட்பட்டவையே. ஜாவா இதனை வேறு வகையில் தீர்த்தது. நேரடிச் சரங்களும், நேரடிச் சரங்களை மட்டும் இணைத்துத் தொகுப்பு நேரத்திலேயே பெறப்படும் சரங்களும் உள்ளடக்கம் ஒன்றாயின் ஒரே பொருளையே சுட்டும் என்று அதன் விதி உறுதியளிக்கிறது. ஆனால் அதே சரத்தை இயக்க நேரத்தில் இரண்டு துண்டுகளை ஒட்டி உருவாக்கினால் அது வேறு பொருள்; அங்கே == ‘இல்லை’ என்றே சொல்லும். ஜாவா கற்பவர் ஒவ்வொருவரும் இக்குழியைத் தாண்டித்தான் வருகிறார்.

இந்த மட்டத்தில் தொகுப்பிகள் இன்று ஓரளவு நாணயமாகவே நடந்துகொள்கின்றன. சி மொழிக்கான ஜி.சி.சி., கிளாங் ஆகிய இரண்டிலும் நேரடிச் சரத்தை == கொண்டு ஒப்பிட்டால் எச்சரிக்கும் வசதி உண்டு. பைத்தானில் ஒரு சரத்தை ‘அதே பொருள்தானா’ என்று கேட்கும் ‘இஸ்’ என்னும் சொல்லால் நேரடிச் சரத்தோடு ஒப்பிட்டால், 2019இல் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்து எச்சரிக்கை வருகிறது. நீங்கள் கேட்க நினைத்த சமம் வேறு, கேட்டுவிட்ட சமம் வேறு என்று தொகுப்பி சொல்கிறது. இம்மரபை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இங்கே திரும்பி வருவோம்.

இரண்டாவது, குறியெண் வரிசையின் மட்டம். எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்களாக வைத்து ஒப்பிடுவது இது. தொகுப்பு நேரத்தில் இதனைச் செய்ய நெடுங்காலம் வழியில்லை. சி மொழியின் முன்செயலி நிபந்தனைகளில் முழு எண்களையே அறியும். சரத்தைக் கொடுத்தால் ஏற்காது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011இல் கான்ஸ்ட்எக்ஸ்பர் என்னும் வசதி வந்தது. ஒரு சார்பைத் தொகுப்பு நேரத்திலேயே இயக்கிப்பார்க்க அது இடம் கொடுத்தது. அப்போது அத்தகைய சார்பின் உடலில் ஒரே ஒரு ரிட்டர்ன் கூற்றுக்குத்தான் இடமிருந்தது. எனவே முதல் எழுத்தை ஒப்பிட்டு, மீதியைத் தன்னையே மீண்டும் அழைத்து ஒப்பிடும் சுழல்முறைச் சார்புகளை எழுதினார்கள். 2014இல் மடக்குக் கூற்றுகளுக்கும் இடம் கிடைத்தது. 2017இல் ஸ்ட்ரிங் வியூ என்னும் தரவகை தரநூலகத்தில் சேர்ந்தபோது, அதன் == குறியே தொகுப்பு நேரத்தில் இயங்கக்கூடியதாக அமைந்தது. இன்று இரண்டு நேரடிச் சரங்கள் சமமில்லையெனில் நிரல் தொகுக்கப்படவே கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இது சிறிய ஆதாயமன்று. அமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் நிரலில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா, அட்டவணையில் ஒரே சொல் இருமுறை வந்திருக்கிறதா போன்றவற்றைப் பயனரின் கைக்குப் போகுமுன்பே கண்டுபிடித்துவிடலாம். ஜாவாவில் 2011 முதல் சரங்களைக் கொண்டு ஸ்விட்ச் கூற்றை எழுதலாம்; அதில் ஒரே சரத்தை இரண்டு கிளைகளுக்கு இட்டால் தொகுப்பி மறுத்துவிடும். அம்மறுப்பும் தொகுப்பு நேர ஒப்பீடுதான். நிரலாசிரியர் ஒப்பிடச் சொல்லாமலே தொகுப்பி தானாக ஒப்பிட்டுப் பார்க்கிறது.

மூன்றாவது, எழுத்தின் மட்டம். தமிழில் ‘கோ’ என்பது ஓர் எழுத்து. 247 எழுத்துகளின் பட்டியலில் அதற்கு ஓரிடம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது ஒன்றுதான். யூனிகோட் அட்டவணையில் அவ்வெழுத்தை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தின் குறியெண் 2965. அதன்பின் ஓகாரக் குறியை 3019 என்னும் ஒரே எண்ணாக இடலாம். அல்லது ஏகாரத்தின் இரட்டைச் சுழியை 3015 என்றும் காலை 3006 என்றும் இரண்டு எண்களாக இடலாம். இவ்விரண்டும் ஒரே எழுத்தே என்று யூனிகோட் தரநிலையே வெளிப்படையாக அறிவிக்கிறது. இவ்வுறவுக்கு நியமச் சமன் என்று பெயர். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே ஏற்பாடு உண்டு. இரு வடிவங்களையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் முறை இயல்பாக்கம். அவ்வாறு பெறும் வடிவங்களுள் பரவலாக ஏற்கப்பட்டது என்.எஃப்.சி. எனப்படுகிறது.

‘கோயம்புத்தூர்’ நம் கணக்கில் 7 எழுத்துகள். யூனிகோட் கணக்கில் 13 குறியெண்கள். ஓகாரக் குறியைப் பிரித்து எழுதினால் 14. யூ.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் முதலாவது 39 பைட்டுகள், இரண்டாவது 42. தொகுப்பு நேர ஒப்பீடு முதலில் நீளத்தைப் பார்க்கும். 39உம் 42உம் வேறு. ஆகவே ககரத்தைக்கூடப் பார்க்காமல் ‘சமமில்லை’ என்று முடித்துவிடும். ஸ்விட்ச் கூற்றில் இவ்விரண்டையும் இரு கிளைகளாக எழுதினால், இரட்டிப்பைக் கண்டால் மறுக்கும் அதே ஜாவா தொகுப்பி இவற்றை அமைதியாக ஏற்றுக்கொள்ளும். பயனர் எந்தக் கிளைக்குப் போவார் என்பதை அவருடைய விசைப்பலகை முடிவு செய்யும்.

‘இப்படிப் பிரித்து யார் எழுதுகிறார்கள்?’ என்று கேட்கலாம். விரும்பி எழுதுவோர் அரியர். தெரியாமல் வந்துசேரும் வழிகள் பல. பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாகவே இருந்தன. அவற்றில் தட்டச்சிட்ட உரைகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, வடிவத்துக்கு வடிவம் என்று எளிய முறையில் எழுதப்பட்டிருந்தால், பிரிந்த வடிவமே வெளிவரும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுக்கும்போதும் வரலாம். ஆப்பிள் 1998இல் அறிமுகப்படுத்திய எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்துவந்தது. அங்கிருந்து ஒரு பெயரை எடுத்து நிரலில் ஒட்டினால், ஒட்டியவர் அறியாமலே பிரிந்த வடிவம் நேரடிச் சரத்துக்குள் புகுந்துவிடும்.

இதனால் விளையும் பிழையின் இயல்பைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டப் பெயர்களை நேரடிச் சரங்களாகக் கொண்ட அட்டவணை ஒன்று நிரலில் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் பிரியக்கூடிய உயிர்க்குறி உள்ளவை மூன்றே: ஈரோடு, கோயம்புத்தூர், புதுக்கோட்டை. அட்டவணை முழுவதும் பிரிந்த வடிவில் வந்திருந்தாலும் மற்ற 35 மாவட்டங்களுக்கு நிரல் பிழையின்றி ஓடும். சென்னையையும் மதுரையையும் இட்டுச் சோதித்துப் பார்ப்பவர் நிறைவோடு நகர்ந்துவிடுவார். ஈரோட்டிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு மட்டும் ‘அப்படியொரு மாவட்டம் இல்லை’ என்று வரும். அவர் மீண்டும் மீண்டும் சரியாகவே தட்டச்சிடுவார். மீண்டும் மீண்டும் அதே விடை வரும். இறுதியில் தன் எழுத்துப்பிழை என்றே எண்ணிக்கொள்வார். எல்லாருக்கும் தவறிய நிரலை யாராவது உடனே திருத்துவார்கள். மூன்று ஊர்களுக்கு மட்டும் தவறும் நிரல் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும்.

மொழித்தரவோடு பணிபுரிவோருக்கு இதன் மற்றொரு முகம் தெரியும். ஒரு தரவகத்தில் ‘கொடு’ என்னும் வினை இரு வடிவிலும் இருந்தால், சொல்லடைவில் அது இரண்டு சொற்களாகப் பதிவாகிறது. இரண்டின் நிகழ்வெண்ணும் உண்மையைவிடக் குறைவாகிறது. வினையடிகளை நேரடிச் சரங்களாக எழுதிவைத்து விதிகளால் சொற்களைப் பகுக்கும் நிரலில் அவற்றுள் ஒரு வடிவத்திற்கு மட்டும் விதி பொருந்தும். ஒகர, ஓகாரங்களைக் கொண்ட சொற்களே பாதிக்கப்படுவதால் பிழை சமமாகப் பரவுவதில்லை, ஒருபக்கமாகச் சாய்கிறது. அத்தரவிலிருந்து நாம் எடுக்கும் முடிவுகளும் உடன் சாய்கின்றன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மலையாளம், கன்னடம், வங்காளம், ஒடியா, சிங்களம் ஆகியவற்றிலும் இருபுறமும் நிற்கும் உயிர்க்குறிகளுக்கு இதே இரட்டை வடிவம் உண்டு. இந்தியில் நிலைமை தலைகீழாக இருப்பதையும் பார்க்கவேண்டும். அரபு, பாரசீகச் சொற்களுக்காகப் புள்ளியிட்டு எழுதும் ககரத்திற்குத் தேவநாகரியில் 2392 என்னும் தனிக் குறியெண் உண்டு. ஆனால் என்.எஃப்.சி. அதனை ஏற்பதில்லை, 2325, 2364 என்று இரண்டாகப் பிரிந்த வடிவமே அங்கு இயல்வடிவம். ‘சேர்ந்தே எழுதுக’ என்று தமிழை மட்டும் பார்த்து விதி செய்தால் அது இந்திக்குப் பொருந்தாது. அதனால்தான் ஒவ்வொரு நிரலாசிரியரும் தமக்குத் தெரிந்த அளவில் ஒரு தீர்வைச் செய்துகொள்வது போதாது என்கிறேன். பொது வரையறை இருக்கிறது. அதனைப் பொதுக் கருவி செயல்படுத்தவேண்டும்.

நிரல்மொழிகள் இவ்வரையறையை அறியாதவை அல்ல என்பதுதான் வியப்பு. மாறிகள், சார்புகள் ஆகியவற்றின் பெயர்களுக்கு அவை இதனை ஏற்கெனவே பின்பற்றுகின்றன. பைத்தான் பெயர்களை இயல்பாக்கிய பின்பே ஒப்பிடுகிறது. ரஸ்ட் 2021இல் பிறமொழி எழுத்துகளைப் பெயர்களில் அனுமதித்தபோது என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றியே ஒப்பிடுவது என்று முடிவு செய்தது. சி பிளஸ் பிளஸ் தரநிலை 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் பெயர்கள் என்.எஃப்.சி. வடிவில்தான் இருக்கவேண்டும் என்கிறது, ஜி.சி.சி. அதற்கு முன்பிருந்தே, நாம் கேட்காமலே, இதுபற்றி எச்சரித்துவருகிறது. விளைவு என்ன? பைத்தானில் ‘கோவை’ என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டு, ஓரிடத்தில் சேர்ந்த வடிவிலும் மற்றோரிடத்தில் பிரிந்த வடிவிலும் எழுதினால் அது ஒரே மாறி. அதே இரண்டு வடிவங்களை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு ஒப்பிட்டால் அவை வேறு வேறு. மேற்கோள் குறிக்கு வெளியே ஒன்றாயிருந்த எழுத்து உள்ளே நுழைந்ததும் இரண்டாகிவிடுகிறது.

இதற்கு நிரல்மொழி வடிவமைப்போர் சொல்லும் மறுமொழியை நேர்மையாக எடுத்துக்கொள்ளவேண்டும். பெயர் என்பது மொழிக்குரியது. நேரடிச் சரம் என்பது நிரலாசிரியரின் தரவு. தரவில் உள்ள பைட்டுகளை மாற்றும் உரிமை தொகுப்பிக்கு இல்லை. ஓர் இயல்பாக்க நூலகத்தைச் சோதிக்கும் நிரலில் பிரிந்த வடிவம் வேண்டுமென்றே எழுதப்பட்டிருக்கும்; அதைத் தொகுப்பி ‘திருத்தினால்’ சோதனையே பொருளற்றதாகும். இவ்வாதம் சரியானது என்றே கருதுகிறேன். நேரடிச் சரங்களைத் தொகுப்பி தானாக மாற்றக் கூடாது. ஸ்விஃப்ட் மொழி எடுத்த வழி வேறு: அங்கே சரங்களின் == நியமச் சமனையே பார்க்கிறது, பைட்டுகளைத் தொடுவதில்லை. புதிதாக ஒரு மொழியைத் தொடங்குவோருக்கு அது நல்ல முன்மாதிரி. ஆனால் பல பத்தாண்டுப் பழைய மொழிகளில் == குறியின் பொருளை இனி மாற்றமுடியாது; மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் சாயும்.

ஆனால் மாற்றாதே என்பதற்கும் சொல்லாதே என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டு. ‘நேரடிச் சரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தொகுப்பியின் வேலையன்று’ என்னும் வாதம் 2021 நவம்பருக்குப் பிறகு செல்லாது. அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அரபு, ஈப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான திசைக்கட்டுப்பாட்டுக் குறிகளைக் குறிப்புரைகளிலும் நேரடிச் சரங்களிலும் ஒளித்துவைத்தால், மனிதர் படிக்கும் நிரலும் தொகுப்பி படிக்கும் நிரலும் வேறாகிவிடும் என்று காட்டினார்கள். ரஸ்ட் உடனடியாக 1.56.1 பதிப்பை வெளியிட்டு, நேரடிச் சரங்களில் அக்குறிகள் வந்தால் தொகுக்கவே மறுத்தது. 2022இல் வந்த ஜி.சி.சி. 12ஆம் பதிப்பும் அவற்றைக் கண்டு எச்சரிக்கத் தொடங்கியது. மனிதக் கண் காண்பதும் இயந்திரம் காண்பதும் வேறுபடும் இடத்தில் சரத்தின் உள்ளே பார்ப்பது தொகுப்பியின் வேலைதான் என்று அன்றே முடிவாகிவிட்டது. பாதுகாப்புக்காக ஒப்புக்கொண்ட நெறியை எழுத்துக்காகவும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு, ‘இயக்க நேரத்தில் வரும் உள்ளீட்டை இயல்பாக்குங்கள், போதும்’ என்பது. இது பாதி அறிவுரை. கவனமுள்ள நிரலாசிரியர் ஒருவர் பயனர் தரும் ஒவ்வொரு சரத்தையும் வாயிலிலேயே என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றிவிடுகிறார் என்று கொள்வோம். அவருடைய நிரலில் உள்ள நேரடிச் சரம் பிரிந்த வடிவில் இருந்தால் என்ன ஆகும்? முன்பு பிரித்துத் தட்டச்சிட்ட சிலருக்காவது பொருந்திய சரம் இப்போது எவருக்கும் பொருந்தாது. உள்ளீடு முழுவதும் தூய்மையானபின், தூய்மையாகாமல் எஞ்சியிருப்பது நிரலுக்குள் உறைந்துபோன அந்த ஒரு சரந்தான். அறிவுரையை முழுமையாகப் பின்பற்றியவருக்கே தீங்கு உறுதியாகிறது. அவருக்கு அதனை எடுத்துச்சொல்லக்கூடிய இடம் தொகுப்பு நேரம் ஒன்றே.

மூன்றாவது, ‘எச்சரிக்கைகள் பெருகினால் யாரும் படிக்கமாட்டார்கள்’ என்பது. ஆங்கில எழுத்துகளுக்கு எல்லா இயல்வடிவங்களும் ஒன்றே. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர் இவ்வெச்சரிக்கையை ஒருமுறைகூடக் காணமாட்டார்கள். விசைப்பலகையில் இயல்பாகத் தட்டச்சிடும் தமிழ் பெரும்பாலும் என்.எஃப்.சி. வடிவிலேயே அமைவதால் நாமும் அடிக்கடி காணமாட்டோம். காணும் வேளையில் அது நம் கவனத்திற்குத் தகுதியானதாகவே இருக்கும்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. ஒன்று: என்.எஃப்.சி. வடிவில் இல்லாத நேரடிச் சரத்தைக் கண்டால் தொகுப்பி எச்சரிக்கவேண்டும். குறியெண்ணை எண்ணாகவே குறிப்பிட்டு எழுதியிருந்தால் வேண்டாம். அங்கே நிரலாசிரியரின் நோக்கம் வெளிப்படை. இரண்டு: தொகுப்பு நேரத்தில் செய்யும் ஒப்பீடு ‘சமமில்லை’ என்று முடியும்போது, இயல்பாக்கினால் அவை சமமாகிவிடும் என்றால், அதனையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஸ்விட்ச் கிளைகளில் இரட்டிப்பைத் தேடும் சோதனைக்கும் இது பொருந்தவேண்டும். மூன்று: இவை கேட்டால் மட்டும் கிடைக்கும் வசதிகளாக இல்லாமல், கேட்காமலே கிடைப்பவையாக இருக்கவேண்டும், ஏனெனில் இப்படியொரு சிக்கல் உண்டென்று அறிந்தவர்தான் கேட்பார், அறிந்தவருக்கு இது பெரிதாகத் தேவையில்லை. பெயர்களைச் சோதிக்கவேண்டி இயல்பாக்க அட்டவணைகளை ஜி.சி.சி.யும் ரஸ்டும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்க்கவேண்டியது மிகச் சிறிது.

இதன் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். ‘ஔ’ என்னும் எழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிட்டால் பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும். ஆனால் யூனிகோட் அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. ‘ஸ்ரீ’ என்பதைத் தொடக்கத்தில் ஸகரத்தை இட்டும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை இட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் சமமல்ல. மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்கு 2008இல் தனிக் குறியெண்கள் வந்தபின் அங்கும் இதே நிலை. இவற்றைத் தொகுப்பி தீர்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ‘கோயமுத்தூர்’, ‘கோயம்புத்தூர்’ இரண்டும் ஒன்றா என்று அதனிடம் கேட்காததுபோலவே இவற்றையும் கேட்கவேண்டாம். தோற்ற ஒற்றுமை, எழுத்துக்கூட்டல் ஆகியவை மனிதர் தீர்க்கவேண்டியவை. நியமச் சமன் அப்படியன்று. அது எழுதப்பட்ட வரையறை. ஒருமுறை இயல்பாக்கிய சரம் பிற்காலப் பதிப்புகளிலும் இயல்பாகவே இருக்கும் என்று யூனிகோட் உறுதியளித்துள்ள வரையறை. அதில் ஐயத்திற்கு இடமில்லாதபோது மௌனத்திற்கும் இடமில்லை.

இச்சிக்கலுக்கு நடைமுறையில் வேறொரு தீர்வு வழக்கில் இருக்கிறது: நிரலுக்குள் தமிழை எழுதாதே, ஆங்கிலக் குறிச்சொல்லை எழுது, தமிழை வெளியே ஒரு கோப்பில் வை என்பது. பயனருக்குக் காட்டும் வாசகங்களுக்கு அது நல்ல வழக்கந்தான். ஆனால் தமிழின் இலக்கண விதிகளையே நிரலாக எழுதுவோர் என்ன செய்வது? புணர்ச்சியையும் வினைத்திரிபையும் எழுதும்போது தமிழ் எழுத்தே நிரலின் பொருள். அதனை வெளியே அனுப்பமுடியாது. ஒரு மொழியைப் பற்றி அம்மொழியின் எழுத்திலேயே நிரல் எழுதுவது இடர்ப்பாடானது என்னும் எண்ணம் நிலைத்துவிட்டால், அடுத்த தலைமுறை மாணவர் தமிழ் இலக்கணத்தை ரோமன் எழுத்தில் எழுதிப் பழகுவர். அதில் நெடில் குறில் குழம்பும், லகர ளகர ழகரம் குழம்பும். ஒரு சிக்கலைத் தவிர்க்கப் பல சிக்கல்களை வாங்கிக்கொள்வோம்.

தொகுப்பிகள் மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில், ஒரு சரம் இயல்வடிவில் உள்ளதா என்று சொல்லும் சார்பு 3.8ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. நம் நிரல் கோப்புகள் அனைத்தையும் அதன்வழியே ஓட்டிப்பார்க்கும் சிறு நிரல் பத்து வரிகளுக்குள் அடங்கும். தமிழில் நேரடிச் சரங்களை எழுதும் நண்பர்கள் அதனைத் தங்கள் தொகுப்புப் படிகளில் இன்றே சேர்த்துவிடலாம். திறந்தமூலத் தொகுப்பிகளில் பங்களிக்கும் நண்பர்கள், அடுத்தமுறை யூனிகோட் பற்றிய உரையாடல் எழும்போது, பெயர்களுக்குத் தந்த அக்கறையை மேற்கோள் குறிகளுக்கு உள்ளேயும் தரவேண்டும் என்று கேட்கலாம். ஈரோட்டில் விண்ணப்பப் படிவத்தின்முன் அமர்ந்திருப்பவருக்குத் தொகுப்பி எதையும் சொல்லமுடியாது. நம்மிடம் சொல்லமுடியும், சொல்லவேண்டும்.